ஐஸ் பெட்டி விளக்கு

எங்கள் புளியங்கரையில் செத்தவர்கள் பேச ஆரம்பித்த வருஷத்தில்தான் ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் வந்தது, ஊருணியில் முழங்கால் அளவுக்காவது தண்ணீர் நின்றது, பஸ் ஸ்டாண்டு கடையில் டீ விலை ஏறியது. இந்த மூன்றில் எதைப் பற்றிக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் பொழுது சாயும்வரை பேசுவார்கள். செத்தவர்கள் பேசியதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஆமா, பேசுனாக, அதுக்கென்ன இப்ப?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

விஷயம் சின்னதாகத்தான் தொடங்கியது. நல்லது கெட்டது இரண்டுக்கும் சாமான் வாடகைக்கு விடுகிற கருத்தப்பாண்டி, பந்தலும் நாற்காலியும் அண்டாவும் போதாதென்று ஓர் ஐஸ் பெட்டியும் வாங்கிப் போட்டிருந்தார். வெளியூர் மகன் வந்து முகம் பார்க்கும்வரை செத்தவரைக் கெடாமல் வைத்திருக்கும் பெட்டி அது. அதன் கண்ணாடி மூடியின் உட்பக்கம் இருந்த டியூப் லைட் ஒருநாள் பியூஸ் போனது. மெக்கானிக் பெத்துராஜைக் கூப்பிட்டார். பெத்துராஜ் மதுரையில் எடைக்கு வாங்கிவந்த பழைய சாமான் மூட்டைக்குள் கையை விட்டு, சதுரமாக ஒரு எல்இடி பேனலை எடுத்தார். கம்பெனிப் பேர் கிடையாது, செய்த ஊர் கிடையாது, பால்வெள்ளைத் தகடும் பின்னால் இரண்டு வயரும்தான். மாட்டி எரியவிட்டுப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் பளிச்சுனு இருக்குய்யா, முகம் தெளிவாத் தெரியும்" என்றார். கருத்தப்பாண்டிக்கும் திருப்திதான்.

அந்த விளக்குக்குக் கீழே முதலில் படுத்தவர் தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி சீனிச்சாமி. சொந்தபந்தமெல்லாம் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருக்க, சுவிட்சைப் போட்டதும் சீனிச்சாமி உதட்டைப் பிரித்து, "கேஸை அடைச்சியா?" என்று கேட்டார். அவர் சம்சாரம், "அடைச்சுட்டேன், அடைச்சுட்டேன், எத்தனை தடவ கேப்பீக" என்று சலித்துக்கொண்டு மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார். அப்புறம் ஒருவர் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டும் வந்தார். அடைத்துத்தான் இருந்தது.

அடுத்துப் பேசியது முறுக்கு விற்ற பாப்பாத்தியம்மாள். "என் கேதத்துக்கு அந்த வள்ளிமயிலை மட்டும் உள்ள விட்டுறாதீக" என்றாள். வள்ளிமயில் அப்போது பெட்டிமேல் கவிழ்ந்து எல்லாரையும்விட உரக்க அழுதுகொண்டிருந்தாள். அதற்கடுத்தவர், பக்கத்துப் புஞ்சையின் எல்லைக்கல்லைத் தள்ளி நட்டது தான்தான் என்றார். மறுவாரமே சங்கிலி பிடித்து அளந்து கல்லைப் பழைய இடத்தில் ஊன்றினார்கள். ஒருவருக்கு ஒரு பேச்சுதான். பதிலுக்கு என்ன கேட்டாலும், காலைப் பிடித்துக் கதறினாலும், இரண்டாவது பேச்சு கிடையாது. உயிரோடிருந்தபோது சொல்லாமல் விட்ட மிச்சம் எதுவோ அதுதான் வருகிறது என்பதை ஊர் தானாகவே புரிந்துகொண்டது.

புரிந்துகொண்டபின் ஊர் அதற்கேற்றபடி நடக்கப் பழகியது. விளக்கைப் போடும்போது கொட்டுக்காரர்கள் கையை நிறுத்துவார்கள், ஒப்பாரி நிற்கும், கைக்குழந்தை இருந்தால் வெளியே தூக்கிப் போய்விடுவார்கள். பேச்சு வந்த பிறகுதான் வாய்க்கரிசி. ஒரு வீட்டில் அவசரக்கார மருமகன் ஒருவன் தாடையைச் சேர்த்துக் கட்டும் துணியை முன்கூட்டியே கட்டிவிட, மாமனார் சொன்னது வெறும் 'ம்ம்ம்' என்று வந்தது. அந்தச் சொத்துத் தகராறு இன்னும் நடக்கிறது, அந்த மருமகனை இன்றைக்கும் எந்தப் பந்தியிலும் நிமிர்ந்து பார்ப்பவரில்லை. பிள்ளையார் கோவில் பூசாரி, இதைச் செய்யென்றும் சாஸ்திரத்தில் எங்கேயும் சொல்லவில்லை, செய்யாதேயென்றும் சொல்லவில்லை என்று நழுவிக்கொண்டார். வட்டிக்கு விடுகிறவர் வீட்டில் சாவு விழுந்தபோது மட்டும், வெளியூரிலிருந்து வேறு ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. யாரும் காரணம் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. செத்த பிறகு ஊர்முன்னால் உளறிவிடுவோமோ என்ற பயத்தில் எங்கள் ஆட்கள் உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் பேசித் தீர்க்கத் தொடங்கினார்கள். தெருவுக்குத் தெரு சண்டை வந்தது, சண்டைக்குப்பின் சமாதானமும் வந்தது. பேசித் தீர்த்தவர் யாராவது இறந்து, விளக்கின் கீழே வாயே திறக்காமல் கிடந்தால், "மிச்சமில்லாமப் போயிட்டாரு" என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு மனிதனைப் பற்றி அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "மிச்சமில்லாத குடும்பந்தானா?" என்று விசாரித்துவிட்டுத்தான் காபித் தம்ளரைக் கையில் வாங்கினார்கள்.

ஊரே பேசித் தீர்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு வீட்டில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. அது விளக்கை மாட்டிய பெத்துராஜின் வீடு.

பெத்துராஜுக்கு எந்தச் சாமானையும் பிரித்துப் பார்த்தால்தான் நிம்மதி. ஓடுகிற கடிகாரத்தையும் பிரிப்பார், ஏன் ஓடுகிறது என்று பார்க்க. அவர் சம்சாரம் வடிவு தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினாள். அவர்களுக்கு சுபா என்று ஒரே பிள்ளை. வடிவு புருஷனை ஒருநாளும் பேர் சொல்லியோ ஏங்க என்றோ கூப்பிட்டதில்லை. சுபா பிறந்த நாளிலிருந்து அவர் அவளுக்கு 'சுபா அப்பா'. பால் வாங்க, பல்ப் மாட்ட, பல்லி விரட்ட, எல்லாவற்றுக்கும் தெருமுனைவரை கேட்கிற மாதிரி "சுபா அப்பா, சுபா அப்பா" என்று ஒரு குரல் அந்த வீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சோல்டரிங் வேலையில் குனிந்திருக்கிறவர் நிமிராமலே, "இந்தா வாரேன்" என்பார். நாங்கள் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார்.

சுபா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கொஞ்ச நாளில் காய்ச்சலில் போய்விட்டாள். அதை விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. வடிவின் பழைய பட்டன் போனில் பிள்ளையின் குரல் மட்டும் மிஞ்சியது. அவள் எதையோ அமுக்கப்போய் அதுவாகப் பதிவாகியிருந்தது. "ஹலோ, யாரு பேசுறது? நான் சுபா பேசுறேன். எங்கம்மா வேலைக்குப் போயிருக்காக. அப்பா தூங்குறாரு." அவ்வளவுதான். வடிவு தீப்பெட்டி ஆபீஸில் மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவுமுன் அந்தப் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தூக்குவாளியைத் திறப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதுவரை தாங்களும் சாப்பிடமாட்டார்கள்.

நாளாக ஆக ஸ்பீக்கர் கரகரத்தது. பிள்ளைக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறதென்று வடிவு ஒருநாள் பொதுவாகச் சொல்லப்போக, பெத்துராஜ் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆசை ஆசையாக, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனைப் பிரித்தார். ஸ்பீக்கரைச் சரிசெய்தவர் அதோடு விட்டிருக்கலாம். போர்டில் ஓரிடத்தில் சோல்டர் லேசாக விட்டிருக்கிறதென்று, சூட்டுக்காற்று அடிக்கும் ஹீட் கன்னை வைத்து ஊதினார். கொஞ்சம் கூடுதலாக ஊதிவிட்டார். மூடி மாட்டி எரியவிட்டபோது போன் புதுசு மாதிரி மின்னியது. "சளியெல்லாம் போயிருச்சு, இப்பக் கேளு" என்று ஈரத்தலையோடு வந்தவளிடம் கொடுத்தார். வடிவு காதில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

அவள் திட்டவில்லை, அழவில்லை, தாய்வீட்டுக்கும் போகவில்லை. அன்றிலிருந்து அவரிடம் பேசவில்லை, அவ்வளவுதான். சோறு வடித்தாள், துணி துவைத்தாள், அவருக்குக் காய்ச்சலென்றால் ரசம் வைத்தாள். சொல்லியே ஆகவேண்டியதைச் சட்டியிடம் சொன்னாள். "சோறு ஆறுது, வந்தா போடலாம்." அவர் சுவரில் தொங்கும் காலண்டரிடம் பதில் சொல்வார், "இந்தா கை கழுவிட்டு வந்துருதேன்." சட்டிக்கும் காலண்டருக்கும் நடுவே அந்தக் குடித்தனம் வருஷக்கணக்காக ஓடியது. அவரை 'சுபா அப்பா' என்று கூப்பிடும் குரல் அந்தத் தெருவில் பிறகு கேட்கவே இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் வடிவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது தெரிந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தமென்று எல்லாருக்கும் தெரியும். அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் தலை தன் தோளில் இடித்து இடித்து விலகியதைப் பார்த்துக்கொண்டே வந்த பெத்துராஜின் மனதில் ஓர் ஆசை வந்து உட்கார்ந்தது. ஐஸ் பெட்டியில் படுக்கும்போது வடிவு தன்னிடம் ஒரு வார்த்தை பேசுவாள். திட்டட்டும், சாபம்கூட விடட்டும், தன்னைப் பார்த்துச் சொன்னதாக இருந்தால் போதும். பெண்டாட்டி சாவுக்குக் காத்திருக்கும் ஆசை அது என்பது அவருக்கும் தெரிந்ததால், அதை அவர் காலண்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியும். அவர் முகத்திலேயே அது இருந்தது.

இதற்கிடையே விளக்கில் ஒரு குறை தெரிந்தது. ஒவ்வொரு செத்தவரும் பேசி முடித்ததும், பேனலுக்குள் வரிசையாக இருந்த குட்டிக் குட்டி பல்புகளில் ஒன்று அணைந்துபோனது. பேசாமல் போனவர்களுக்கு எதுவும் அணையவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பேனலின் ஒரு மூலையே இருண்டபிறகு கருத்தப்பாண்டியின் பந்தல் கொட்டகையில் ஊர் கூடியது. வயசாளிகள்தான் முன்வரிசை. கண்டக்டர் வேலை பார்த்து ஓய்ந்த தங்கப்பழம் எழுந்து நேராகப் பெத்துராஜிடம் கேட்டார்.

"மாப்ள, சுத்தி வளைக்காமச் சொல்லு. நான் போறப்ப வெளக்கு இருக்குமா இருக்காதா?"

"இருக்கும் மாமா."

"எப்பிடி இருக்கும்? இன்னும் எனக்கு முன்னால எத்தனை பேரு க்யூவுல நிக்கான்? என் தங்கச்சிக்காரி முன்னால நான் ஒன்னு சொல்லியாகணும்."

"அத இப்பவே போய்ச் சொல்லலாம்ல?" என்றார் கருத்தப்பாண்டி.

"உசுரோட இருக்கப்ப சொல்லிட்டு அவ மூஞ்சில எப்பிடிய்யா முழிக்கறது?" என்றார் தங்கப்பழம். கொட்டகையில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள்.

இதே மாதிரி இன்னொன்று செய்யவேண்டும் என்று முடிவானது. கடையில் கேட்டு வாங்கக் கம்பெனிப் பேர் இல்லை. ஆகவே பிரித்து, போர்டில் எந்தச் சாமான் எங்கிருந்து எங்கே போகிறதென்று கண்டுபிடித்து, அப்படியே நகல் எடுக்கவேண்டும். பிரிப்பதற்குப் பெத்துராஜைவிட்டால் ஆள் யார்? பேனலைத் துண்டில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வீட்டுக்குத் தூக்கிப்போனார்.

அந்த வீட்டில் முன்னறைதான் அவர் பட்டறை. உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் வடிவு. நடுவில் ஒரு திரைச்சீலை. காற்றில் அது விலகும்போது அவளுக்கு அவர் முதுகு தெரியும். அவர் பால்வெள்ளைத் தகட்டை நெம்பி எடுத்தார், பல்புகள் ஒட்டியிருந்த அலுமினியத் தகட்டைத் துடைத்தார், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்ன போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். போர்டுக்கு அடியில் டார்ச்சை வைத்தால் செம்புக் கோடுகள் நிழலாகத் தெரிந்தன. அவற்றைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டார். கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளுக்கு மல்டிமீட்டர். இரண்டு முனைகளை இரண்டு இடத்தில் வைத்தால், இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் அது பீப் என்று கத்தும், இல்லையென்றால் சும்மா இருக்கும். வரிசையில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணையவேண்டும். இதில் போனது மட்டும் போனது, மற்றவை எரிந்தன. ஷார்ட் ஆகியிருந்தால் அப்படி நடக்கும், அளந்து பார்த்தார், ஷார்ட்டும் இல்லை. அது அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. செத்தவர்கள் பேசுவதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நகல் தயாரானது. அதே மாதிரி பல்பு, அதே ரெசிஸ்டர், அதே கண்டென்சர், வெளிச்சம் அசலைவிடக் கூடுதல். கூடப்பிறந்த தம்பியோடு பேச்சு வார்த்தையில்லாமல் இருந்த பால்காரர் தர்மர் இறந்தபோது அதை மாட்டிப் பார்த்தார்கள். தர்மர் வாயைத் திறக்கவில்லை. "மிச்சமில்லாமப் போயிட்டாரோ" என்று ஒருவர் இழுக்க, "தர்மருக்கா மிச்சமில்ல?" என்று இன்னொருவர் அடக்கிவிட்டார். நகலைக் கழற்றி அசலைக் கொண்டுவந்து மாட்டினார்கள். தர்மர் உடனே, "அந்தச் செவலைக் கன்னுக்குட்டி தம்பிக்குத்தான், அவன் தொழுவத்துல கட்டிருங்க" என்றார். தம்பி கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். பேனலில் இன்னொரு பல்பு அணைந்தது.

அப்படியென்றால் வித்தியாசம் ஒரே இடத்தில்தான் இருக்கவேண்டும். போர்டின் நடுவில் கறுப்பாக, பூரான் மாதிரிக் கால்களோடு ஒரு ஐசி சில்லு இருந்தது. வேறு யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாதென்று, செய்தவன் அதன் நம்பரை உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தான். பெத்துராஜ் தோராயமாக வேறொன்றைப் போட்டிருந்தார். சரியானதைக் கண்டுபிடிக்க அதைச் சூடுகாட்டிக் கழற்றித் தனியாகச் சோதிக்கவேண்டும். ஹீட் கன்னைக் கையில் எடுத்தபோது, வடிவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுப் பூரணம் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, வடிவு ஒன்னு சொல்லச் சொல்றா."

"என்ன?"

"'ஏற்கெனவே ஒன்னப் பிரிச்சுப் பாத்தாச்சு, போதும்'னு சொல்லச் சொல்றா."

பெத்துராஜ் ஹீட் கன்னைக் கீழே வைத்தார். அதன்பிறகு அதைத் தொடவில்லை. ஆனால் வேலையை விடவும் இல்லை. கழற்றாமலே, அந்த ஐசியின் ஒவ்வொரு காலும் எங்கே போகிறது, என்ன வேலை செய்கிறது என்று மீட்டரை வைத்தே கண்டுபிடிக்க உட்கார்ந்தார். விடிந்தால் உட்காருவார், விளக்கு வைக்கும் நேரம்வரை முதுகு நிமிராது. அந்த நாட்களில் நாங்கள் யாராவது அவர் வாசலைத் தாண்டும்போது, "முடிஞ்சதா அண்ணாச்சி?" என்று கேட்போம். நாங்கள் கேட்டது விளக்கைத்தான். உள்ளே படுத்திருந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டோமா என்றால், இல்லை. அந்தப் பாவத்தில் எல்லாருக்கும் பங்குண்டு.

வடிவு இளைத்துக்கொண்டே வந்தாள். கால் வீங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. படுத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பீப் என்று கேட்கும், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடியும் பீப் என்று கேட்கும். "அந்தச் சத்தம் இல்லைன்னா எனக்குக் கண்ணு அசராது மதினி" என்று பூரணத்திடம் ஒருநாள் சொன்னாளாம். அது குறையாகச் சொன்னதா, பிரியமாகச் சொன்னதா என்று பூரணத்துக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. பூரணம் கஞ்சி வைத்து எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். பெத்துராஜ் ஐசியின் கடைசிக் காலில் நின்றார். மற்ற எல்லாக் கால்களும் எங்கே போகின்றன என்று தெரிந்துவிட்டது, இது ஒன்றுதான் பல நாளாகப் பிடிகொடுக்கவில்லை. சிவப்பு முனையை அதன்மேல் அழுத்திக்கொண்டு, கறுப்பு முனையால் போர்டில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார், தொட்டார், சத்தமில்லை, தொட்டார், சத்தமில்லை, உள்ளேயிருந்து "சுபா அப்பா" என்று கூப்பிட்டது, "இந்தா வாரேன்" என்றார், அடுத்த புள்ளியைத் தொட்டார், பீப் என்றது.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முனையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். பீப். காலண்டர் தாளில் அந்தக் கடைசிக் கோட்டை வரைந்தார், கோணலாக வந்துவிட்டதென்று அழித்துவிட்டு நேராக வரைந்தார், பக்கத்திலிருந்த மற்றக் கோடுகளோடு ஒத்துப் பார்த்தார். இனிமேல் அந்த ஐசி என்னவென்று மதுரையில் கேட்டுவிடலாம், எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், தங்கப்பழம் மாமாவுக்கும் உண்டு, வடிவுக்கும் உண்டு. குனிந்து வேலை செய்யும்போது யார் கூப்பிட்டாலும் இந்தா வாரேன் என்று சொல்வது அவர் வாய்க்குப் பழக்கம். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கேட்ட காது அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அந்த மனிதனைத் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருக்கிறது.

பூரணம் கஞ்சியோடு வந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சிப் பாத்திரத்தை எங்கேயோ வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, எந்திரிங்க" என்றாள்.

பெத்துராஜ் அழவில்லை. அவர் பிரித்ததையெல்லாம் சேர்த்தார். போர்டை அதன் இடத்தில் வைத்துத் திருகினார், வயரைச் சேர்த்து டேப் சுற்றினார், பால்வெள்ளைத் தகட்டைப் பொருத்தினார். ஐஸ் பெட்டி முன்னறைக்கு வந்தது. அவர் மேஜையை ஓரமாகத் தள்ளி இடம் செய்தார்கள். வடிவைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமும் வைத்துப் படுக்கவைத்தார்கள். தாடைத் துணி கட்டவில்லை. ஊர் முழுக்க வாசலில் நின்றது. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று தெரியாதவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. கொட்டு நின்றது. தெருவில் வந்த ஒரு பைக்கைக்கூடத் தூரத்திலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். பெத்துராஜ் தலைமாட்டில் நின்று சுவிட்சைப் போட்டார்.

வெளிச்சம் வடிவின் முகத்தில் விழுந்தது. உதடு சேர்ந்தே இருந்தது.

நாங்கள் காத்திருந்தோம். சிலருக்குக் கொஞ்சம் தாமதமாக வருவதுண்டு. பெத்துராஜ் குனிந்து கண்ணாடியில் காதை வைத்தார். நிமிர்ந்து பேனலைப் பார்த்தார். வெளியில் நின்ற தங்கப்பழம்தான் தைரியமாக முதலில் வாயைத் திறந்தார்.

"மிச்சமில்லாமப் போயிட்டா மாப்ள. புண்ணியவதி."

"இல்ல மாமா" என்றார் பெத்துராஜ். "அவளுக்கு எம்மேல நிறைய இருக்கு. எத்தன வருசத்து மிச்சம். வரும். கொஞ்சம் பொறுங்க." சுவிட்சை அணைத்துப் போட்டார். வயரை அசைத்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் மாட்டிருக்கேன், வரும்."

வெயில் வாசலைவிட்டு இறங்கித் தெருவுக்குப் போனது. பேனலில் ஒரு பல்புகூட அணையவில்லை. தூக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தும் யாருக்கும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் பூரணம் எழுந்து வந்து, கண்ணாடியில் ஊன்றியிருந்த அவர் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் அண்ணாச்சி. அதான் மத்தியானமே பேசிட்டாளே."

"யாரு?"

"வடிவுதான். நான் செவுத்துக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். 'சுபா அப்பா'ன்னு கூப்பிட்டா. நீங்ககூட 'இந்தா வாரேன்'னு சொன்னீகளே. ரெண்டு பேரும் பேசிட்டாகன்னு எனக்கு அம்புட்டு சந்தோசம். அதான் உடனே வராம, நடுவுல போக வேண்டாம்னு கொஞ்சம் பைய வந்தேன்."

பெத்துராஜின் முகத்தை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்க்காமல் இருந்திருக்கலாம். பிறகு அவர் மெதுவாக, பெட்டியின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"எப்பிடிக் கூப்பிட்டா பூரணம்?"

"எப்பிடின்னா... எப்பவும் கூப்பிடுற மாதிரிதான்."

"கோவமாவா?"

"இல்ல."

"தண்ணி கேக்குற மாதிரியா? வலிக்குதுன்னு கூப்பிடுற மாதிரியா?"

"அப்பிடியும் இல்ல அண்ணாச்சி. வீட்ல இருக்கவுகளச் சும்மா கூப்பிடுவோம்ல, அப்பிடி."

"ஒருக்காச் சொல்லிக் காட்டு."

பூரணம் கூட்டத்தைப் பார்த்தாள். "சுபா அப்பா" என்றாள்.

"'அப்பா'ங்கறத இழுத்தாளா, சட்டுனு விட்டாளா?"

"லேசா இழுத்தா."

"இழுத்துச் சொல்லு."

சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இம்புட்டுச் சத்தமாவா?" என்றார். இல்லை, இதைவிட மெதுவாக என்றாள். மெதுவாகச் சொல்லச் சொன்னார். 'சுபா'வுக்கும் 'அப்பா'வுக்கும் நடுவில் மூச்சு விட்டாளா என்று கேட்டார், விட்டாள் என்றதும் மூச்சு விட்டுச் சொல்லச் சொன்னார். பூரணம் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் அவர் இது இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். கொட்டுக்காரர்கள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூரணம் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கண்ணை மூடினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதை மறுபடி ஒருமுறை மனதுக்குள் கேட்டுவிட்டு, வடிவு படுத்திருந்த பக்கம் திரும்பிக்கொண்டு, யாரையும் அவசரப்படுத்தாத ஒரு குரலில், "சுபா அப்பா" என்றாள்.

"இந்தா வாரேன்" என்றார் பெத்துராஜ்.

எழுந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப்போய், திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குள் நுழைந்தார். செத்தவீட்டு வழக்கப்படி கயிற்றுக் கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.